களுதாவளையில் இரண்டு விமானங்கள்



மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. கல்லடிப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். சூரியன் எழும் பக்கம் என்பதால் இந்தக் கரையை எழுவான்கரை என்பார்கள். வாவிக்கு அப்பால் இருப்பது படுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், தேத்தாத்தீவு என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அடுத்தது களுதாவளை. அதையும் தாண்டினால் களுவாஞ்சிகுடி, கல்லாறு, பிறகு எங்கள் மருதமுனை.

இந்த வழியில் நான் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறேன். ஆனால் களுதாவளையை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வெற்றிலைக் கொடிகளும் மரக்கறித் தோட்டங்களும் பச்சைப் பசேலென்று பின்னோக்கி ஓடும். பிள்ளையார் கோயில் வரும், போகும். இறங்கியதே இல்லை. ஏன் இறங்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என் மகளின் நிக்காஹ்வுக்கு வெற்றிலை தேவைப்பட்டது. "களுதாவளை வெற்றிலைதான் வேண்டும், தோட்டத்திலேயே போய் வாங்கு" என்று உம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். தம்பியின் ஓட்டோவில் கிளம்பினேன். பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கமாகத் திரும்பும் மணல் ஒழுங்கை ஒன்றில், வெற்றிலைத் தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டான்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா வெளியே வந்தார். "வாங்க மகள், உள்ளுக்கு வந்து இருங்க. வெற்றிலை கிள்ளி அடுக்க ஒரு மணித்தியாலம் செல்லும்" என்றார். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டவர், நான் யோசித்த அந்த ஒரு நொடியில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தானாகவே ஒரு குரும்பையை வெட்டச் சொன்னார். விருந்தாளிக்குச் சங்கடம் வராமல் உபசரிக்கத் தெரிந்த பெண்மணி!

உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே இருந்த தட்டு. அதில் வரிசையாக விமானங்கள் நின்றன. கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தபோதுதான், ஜன்னல், சக்கரம், கதவின் விளிம்பு எல்லாம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்று தெரிந்தது. "அது என்ட மகன் செய்யிற வேலை" என்றார் அம்மா. அவர் சிரித்த சிரிப்பில் பெருமையும் இருந்தது, சலிப்பும் இருந்தது.

மகனுக்கு நாற்பது வயது இருக்கும். டோஹாவில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது தோட்டத்தைப் பார்க்கிறார். அங்கே ஒரு கடையில் விமானத் துண்டுகள் அடங்கிய பெட்டியைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கியதுதான் தொடக்கமாம். "இது சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு இல்லையா?" என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் தைப்பீர்களா அக்கா?" என்று திருப்பிக் கேட்டார். தைப்பேன் என்றேன். "அப்படியென்றால் உங்களுக்கு விளங்கும்" என்றார்.

சகோதரிகளே, உண்மையாகவே எனக்கு விளங்கியது. உங்களுக்கும் விளங்கும், கேளுங்கள்.

இந்த விமானங்கள் 144-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. அது என்ன 144 என்ற கணக்கு? 12 அங்குலம் ஒரு அடி. 12 அடி என்றால் 144 அங்குலம். ஆகவே உண்மையான விமானத்தில் 12 அடி இருப்பது இந்தச் சின்ன விமானத்தில் ஒரு அங்குலம் ஆகிறது. நம் தையல் பெட்டியில் கிடக்கும் அளவு நாடாவே போதும், ஒரு பெரிய விமானத்தை அளந்துவிடலாம்!

பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்களில் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, பிசிறு நீக்கி, இரண்டு பாதிகளையும் பசை போட்டு இணைக்க வேண்டும். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றோடொன்று சேர்த்துவிடுமாம். பிறகு இணைப்பு தெரியாதபடி பூச்சு வைத்து, ஈரமான உப்புத்தாளால் தேய்த்து, வர்ணம் பூச வேண்டும். "வெள்ளை நிறம்தான் கஷ்டம் அக்கா, ஒரு சின்னக் கீறலையும் மறைக்காது" என்றார். வெள்ளைத் துணியில் தையல் பிசகினால் எப்படித் தெரியும் என்று நமக்குத் தெரியாதா என்ன!

இன்னொரு சங்கதி. மூக்குப் பக்கத்தில் பாரம் வைக்காவிட்டால் விமானம் வாலில் குந்திவிடும். அதற்காக வீச்சுவலையில் கட்டும் ஈயக் குண்டுகளை வாவியில் மீன் பிடிப்பவர்களிடம் வாங்கி உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறார். எங்கோ சீமையில் வார்த்த பிளாஸ்டிக் விமானம், நம் வாவி வலையின் ஈயத்தால் நேராக நிற்கிறது.

தட்டில் ஏர்பஸ்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, மூன்று எஞ்சின் கொண்ட இரண்டு விமானங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் எயார் லங்காவின் சிவப்புக் கோடு, வாலில் மயில் உருவம். ஒன்று நீளம், மற்றது கட்டை. "ஒரே விமானத்தை ஏன் இரண்டு தரம் செய்தீர்கள்?" என்று கேட்டேன். கதை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த விமானத்தின் பெயர் ட்ரைஸ்டார். அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பனி தயாரித்தது. 1970 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. இறக்கைகளின் கீழே ஒவ்வொரு எஞ்சினும் வாலில் ஒன்றுமாக மூன்று ரோல்ஸ் ரோய்ஸ் எஞ்சின்கள். 1984 வரை மொத்தம் 250 விமானங்களே கட்டப்பட்டன. எயார் லங்கா 1979-இல் போயிங் 707 விமானங்களோடு தொடங்கப்பட்டது. அடுத்த வருடமே ட்ரைஸ்டார் வந்து சேர்ந்தது. நம் வீடுகளிலிருந்து வளைகுடாவுக்குப் போன எத்தனையோ பேர் அந்தக் காலத்தில் ஏறியது இந்த விமானத்தில்தான். அதன் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. "பெரிய பிளேன்" என்பதோடு சரி.

ட்ரைஸ்டாரில் ரகங்கள் உண்டு. முதலில் வந்தது நீளமானது, 177 அடிக்கும் மேல். பிறகு, நிற்காமல் வெகுதூரம் பறப்பதற்காக 500 என்ற இலக்கத்தோடு கட்டை ரகம் ஒன்றைச் செய்தார்கள். உடம்பில் 13½ அடியைக் குறைத்தார்கள். பாரம் குறைந்தது, தூரம் கூடியது. இறக்கைகளையோ பக்கத்துக்கு 4½ அடி நீட்டினார்கள். எயார் லங்காவிடம் இரண்டு ரகமும் இருந்தன. கட்டை ரகத்தை 1982-இல் புதிதாகவே வாங்கியது. நீள ரகம் மற்ற நாட்டுக் கம்பனிகள் ஓட்டிய பிறகு இங்கே வந்தது.

இந்தத் தம்பிக்குக் கிடைத்த பெட்டியோ எயார்பிக்ஸ் கம்பனி 1970-களில் வெளியிட்ட நீள ரகம். அதிலிருந்து கட்டை ரகம் வேண்டுமானால் வெட்டித்தான் ஆக வேண்டும். 13½ அடி என்பது நம் அளவு நாடாவில் எவ்வளவு? ஒன்றே அரைக்கால் அங்குலம். இறக்கையில் கூட்ட வேண்டியது பக்கத்துக்குக் காலே அரைக்கால் அங்குலம். சட்டையின் இடுப்பில் குறைத்து, கையில் நீட்டிக் கொடுப்பது மாதிரியான வேலைதான்!

முதல் தடவை அவர் அந்த ஒன்றே அரைக்கால் அங்குலத்தையும் முன்பக்கத்திலேயே வெட்டி எடுத்துவிட்டார். ஒட்டி நிறுத்திப் பார்த்தால், கழுத்தே இல்லாத கொக்கு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பெட்டி வீண். உண்மையான விமானத்தில் இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டுமாகக் குறைத்திருக்கிறார்கள். இறக்கைதான் பாரத்தைச் சுமப்பது. ஒரே பக்கம் குறைத்தால் தராசு சாய்ந்துவிடும் அல்லவா? வெட்டும் இடமும் முக்கியம். உடம்பு ஒரே பருமனாக, குழாய் மாதிரி இருக்கும் பகுதியில்தான் வெட்ட வேண்டும். ஒடுங்கும் இடத்தில் வெட்டினால் இரண்டு வாயும் பொருந்தாது. சரிந்து வரும் கைத்துணியை நடுவில் வெட்டிச் சேர்த்தால் தையல் ஒட்டுமா? அதே கதைதான்.

இரண்டாவது பெட்டியைத் தேடிப் பிடிக்கவே வெகுகாலம் ஆயிற்றாம். ஒட்டும் பட்டையைச் சுற்றிக் கோடு பிடித்து, மெல்லிய வாளால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, உள்ளே பிளாஸ்டிக் பட்டை வைத்துச் சேர்த்திருக்கிறார். நான் விரலால் தடவிப் பார்த்தேன். இணைப்பு எங்கே என்று தெரியவில்லை.

"இவ்வளவு பாடுபட்டு ஏன் இரண்டு?" என்று மறுபடி கேட்டேன்.

"அம்மா எதில் போனார் என்று தெரியாது அக்கா. அதனால்தான் இரண்டையும் செய்தேன்."

1987-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த அம்மா துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985-இல் அமைக்கப்பட்டுக் கொஞ்சக் காலமே ஆகியிருந்த நேரம். மகனுக்கு அப்போது நாலு வயது. தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிய பணம். போவதற்கு முந்திய வருடம்தான், 1986 மே 3-ஆம் தேதி, கட்டுநாயக்கவில் எயார் லங்கா ட்ரைஸ்டார் ஒன்றில் குண்டு வெடித்து 21 பேர் இறந்திருந்தார்கள். அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து விமானம் என்றாலே இந்த வீட்டில் எல்லோருக்கும் நடுக்கம். "எண்டாலும் போகத்தானே வேணும், மகள்" என்றார் அம்மா. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்து வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, மகனுக்குத் தாயின் முகம் புதிதாக இருந்ததாம். அம்மா என்று கூப்பிடவே பல நாள் சென்றதாம். வானத்தில் சத்தம் கேட்டால் ஓடிப் போய் முற்றத்தில் நின்று பார்த்த பிள்ளை அவர். வளர்ந்த பிறகு, தாயைக் கொண்டு போனதும் கொண்டு வந்ததும் எது என்று அறிய வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. பயணச்சீட்டும் பழைய கடவுச்சீட்டும் 2004 சுனாமியோடு போய்விட்டன. கடற்கரைப் பக்கத்து உறவினர் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த பெட்டி அது.

"அம்மாவிடம் கேட்கவில்லையா?"

"கேட்காமலா? எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், நீளமா கட்டையா என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். குளிர் அடித்தது, காது அடைத்தது, அவ்வளவுதான் அம்மாவுக்கு ஞாபகம்."

அம்மா வெற்றிலையை அடுக்கிக்கொண்டே சிரித்தார். எனக்கு என்னவோ தோன்றியது. கதவையும் ஜன்னலையும் எண்ணும் நிலையிலா அன்று அந்தத் தாய் இருந்திருப்பார்? அடுப்படியில் வாழ்ந்த பெண்ணிடம் அடுப்படியைப் பற்றித்தானே கேட்க வேண்டும்! "பிளேனில் என்ன சாப்பாடு தந்தாங்க அம்மா?" என்றேன்.

"சோறும் கறியும்தான். தொண்டைக்குள்ள இறங்கல்ல. ஆனா ஒரு புதினம் பாத்தன் மகள். அந்தச் சாப்பாடு குடுக்கிற புள்ளைகள் அலுமாரி மாதிரி ஒரு கதவத் திறந்து நிலத்துக்குள்ள இறங்கிப் போனாங்க. கொஞ்ச நேரத்தில சாப்பாட்டோட மேல வந்தாங்க. வானத்தில போற வாகனத்துக்கு நிலத்துக்குக் கீழ என்ன இருக்குமெண்டு எனக்கு ஒரே யோசின."

மகன் அப்படியே நின்றுவிட்டார். பிறகு எனக்கு விளக்கினார். நீள ட்ரைஸ்டாரில் சமையல் பகுதி பயணிகள் இருக்கும் தளத்துக்குக் கீழே இருந்தது. சிறிய மின்தூக்கியில் ஏறி இறங்கித்தான் பணிப்பெண்கள் உணவு கொண்டு வருவார்கள். கட்டை ரகத்தில் சமையல் பகுதியை மேல் தளத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அப்படியானால் அம்மா போனது நீளமானதில்தான்! படங்களும் புத்தகங்களும் சொல்லாததை, சாப்பிடாமல் வைத்த ஒரு தட்டுச் சோறு சொல்லிவிட்டது.

அவர் தட்டிலிருந்து நீள விமானத்தை எடுத்துத் தாயின் மடியில் வைத்தார். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு அதை வாங்கினார். இத்தனை வருடம் தூசி தட்டி வைத்திருக்கிறார், ஆனால் ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்த்ததில்லையாம். இறக்கைக்குப் பின்னால் ஒரு ஜன்னலில் விரலை வைத்தார். "இஞ்சதான் இருந்தன். எனக்குப் பக்கத்தில உங்கட ஆக்கள் ஒரு புள்ள."

அந்தப் பெண் கல்முனைப் பக்கம் என்று சொன்ன ஞாபகமாம். நீலச் சேலை, தலையில் முக்காடு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. விமானத்தில் நிரப்பக் கொடுத்த படிவத்தை அந்தப் பெண்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கடவுச்சீட்டு இருந்த துணிப்பையைத் தன் முக்காட்டிலிருந்த ஊக்கைக் கழற்றி, அம்மாவின் சேலைக்குள் வைத்துக் குத்திவிட்டிருக்கிறார். துபாயில் இறங்கியதும் ஆளுக்கொரு திசையாகக் கூட்டிப் போய்விட்டார்கள். பெயரைக் கேட்க மறந்துவிட்டார். "அவ திரும்பி வந்தாவோ தெரியாது மகள். வந்திருந்தா, அந்த றோட்டாலதானே ஊருக்குப் போயிருப்பா?" என்று கேட்டார்.

சகோதரிகளே, நான் ஏன் களுதாவளையில் இறங்கியதில்லை என்று இப்போது சொல்கிறேன். அந்த றோட்டை நீங்களும் அறிவீர்கள். 1990 ஜூலையில் அதே வீதியில் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் வாகனங்களிலிருந்து இறக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹஜ் முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகாய வழியாகப் பத்திரமாக வந்து இறங்கியவர்கள், வீட்டுக்குச் சில மைல் தூரத்தில் தரையிலே போய்விட்டார்கள். அடுத்த மாதம் 3-ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்ததை நான் எழுத வேண்டியதில்லை. அந்த வருடங்களில் தமிழ் ஊர்களிலும் எத்தனையோ வீடுகள் ஆளில்லாமல் போயின. அதற்குப் பிறகு, நாங்கள் இந்த ஊர்களை ஜன்னலால் பார்த்தோம். அவர்களும் எங்கள் ஊர்களை அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குரும்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

வெற்றிலை கட்டி முடிந்தது. புறப்படும்போது அந்தத் தம்பி மற்ற விமானங்களையும் காட்டினார். 1994-இல் வந்த ஏர்பஸ் 340, பிறகு வந்த 330. 2001 ஜூலை 24-இல் விமான நிலையத்தின் மீது நடந்த புலிகளின் தாக்குதலில் அழிந்த ஏர்பஸ்களின் நினைவாகவும் ஒன்று செய்து வைத்திருக்கிறார். இனி ஏர்பஸ் 320-ஐ நீட்டி 321 ஆக்கப் போகிறாராம். இந்தத் தடவை வெட்டிக் குறைப்பது அல்ல, கூட்டுவது. "கூட்டுறது லேசு அக்கா, குறைக்கிறதுதான் பயம்" என்றார். கட்டை ட்ரைஸ்டாரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "அதுவும் இருக்கட்டும். அதில் போன வேறு யாருடைய அம்மாவாவது இருப்பார்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, ரியாத்தில் நாலு வருடம் இருந்து வந்த என் மாமியிடம் போய் உட்கார்ந்தேன். எத்தனை பெருநாளுக்கு ஒன்றாகச் சமைத்திருப்போம்! ஒரு நாளாவது அந்தப் பயணம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறேனா? எவ்வளவு கொண்டு வந்தார், என்ன கொண்டு வந்தார் என்பதைத்தான் எல்லோரும் கேட்டோம். அன்று இரவு இஷாவுக்குப் பிறகு ஆரம்பித்த பேச்சு நள்ளிரவு வரை ஓயவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். உம்மாவோ, சாச்சியோ, மாமியோ, வாப்பாவோ. பழைய கடவுச்சீட்டு, பயணச்சீட்டின் கிழிந்த துண்டு எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அவர்களிடம் கேளுங்கள். பெரிய கேள்வி வேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டாலே போதும். மிச்சம் தானாக வரும்.

கடைசியாக ஒன்று. 1987-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொழும்பிலிருந்து துபாய்க்குப் போன விமானத்தில், நீலச் சேலை உடுத்தி, களுதாவளைப் பெண் ஒருத்திக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்து, உங்கள் முக்காட்டு ஊக்கைக் கழற்றிக் கொடுத்த சகோதரி நீங்களா? அல்லது உங்கள் உம்மாவா? இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நானே அழைத்துப் போகிறேன். இன்ஷா அல்லாஹ், இந்த முறை ஜன்னலால் பார்த்துவிட்டுப் போக மாட்டோம், இறங்குவோம். அந்த வீட்டில் உங்களுக்காக ஒரு குரும்பை காத்திருக்கிறது. நீங்கள் இருவரும் போன விமானமும் தட்டிலே நிற்கிறது.